உங்கள் ஊருக்கான மழை முன்னறிவிப்பு: எப்படிக் கணிக்கிறார்கள், எப்படிப் பயன்படுத்துவது?

"மழை வரும்னு சொன்னாங்க, ஒரு சொட்டுகூட இல்லை." "ஒண்ணுமே சொல்லலை, ராத்திரி பூரா கொட்டித் தீர்த்துடுச்சு." உழவர் பயிற்சிக்காக எந்த ஊருக்குப் போனாலும், இந்த இரண்டு குறைகளில் ஒன்றையாவது கேட்காமல் நான் திரும்பியதில்லை. இரண்டுமே நியாயமான குறைகள்தான். ஆனால் வானிலைக் கணிப்பு எப்படித் தயாராகிறது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெரிந்தால், அதே முன்னறிவிப்பை வைத்து நல்ல முடிவுகளை எடுக்க முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் சித்திரை மாதத்தில், நிலக்கடலை சாகுபடி செய்திருந்த விவசாயி ஒருவர் எனக்குப் போன் செய்தார். "நாளைக்குச் செடி பிடுங்க ஆள் சொல்லியிருக்கேன். மழை இருக்குதா சார்?" என்று கேட்டார். அன்றைய மாவட்ட முன்னறிவிப்பில் "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு" என்று இருந்தது. ஓரிரு இடம்தானே என்று நினைத்து, "பயப்படாமப் பிடுங்குங்க" என்றேன். மறுநாள் மாலை அவர் ஊரில் இடி மழை பெய்தது. பிடுங்கிப் போட்ட செடிகள் நனைந்து, அடுத்தடுத்த நாட்களில் காய் கறுத்தது, பாதி முளைத்துவிட்டது. பக்கத்து ஊரில் தூறல்கூட இல்லை.

முன்னறிவிப்பு தவறவில்லை. அதைப் படித்துச் சொன்ன நான்தான் தவறினேன். "வரலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு நாள் தள்ளிப் போட்டிருப்பேன் சார், செடி பாட்டுக்கு மண்ணுல இருந்திருக்கும்" என்று அவர் சொன்னது இன்னும் மறக்கவில்லை. அந்தத் தவறு உங்களுக்கு நேராமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

கட்டம் கட்டமாகப் பிரித்த வானம்

இன்றைய வானிலை முன்னறிவிப்பு கணினி மாதிரிகளைக் கொண்டு தயாராகிறது. காற்று, வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியவை எப்படி மாறும் என்பதற்கு இயற்பியல் விதிகள் உண்டு. அந்த விதிகளைக் கணக்குகளாக எழுதி, இப்போதுள்ள வானிலையில் தொடங்கி, அடுத்த சில நிமிடம், அதற்கடுத்த சில நிமிடம் என்று படிப்படியாக முன்னே கணக்கிட்டுக்கொண்டே போவதுதான் கணினி மாதிரியின் வேலை.

இதற்காக நிலப்பரப்பையும் அதன் மேலுள்ள வானத்தையும் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு வெப்பநிலை, ஒரே ஒரு ஈரப்பதம், ஒரே ஒரு மழை அளவுதான் இருக்கும். கட்டத்துக்குள்ளே ஓர் ஊரில் மழை, இன்னோர் ஊரில் வெயில் என்று மாதிரியால் பிரித்துச் சொல்ல முடியாது.

தொடக்க நிலைத் தகவல் பல வழிகளில் வருகிறது. சென்னை, காரைக்கால் போன்ற இடங்களிலிருந்து பறக்கவிடப்படும் பலூன்கள், இன்சாட் செயற்கைக்கோள்கள், டாப்ளர் ரேடார்கள், தானியங்கி வானிலை நிலையங்கள், கப்பல்கள், விமானங்கள் எல்லாம் அனுப்பும் அளவுகள் சேர்ந்துதான் கணக்கின் முதல் வரி ஆகின்றன. முதல் வரி பிசகினால் முடிவும் பிசகும்.

கட்டம் சிறிதானால் என்ன பயன்?

மீன்பிடி வலையை நினைத்துக்கொள்ளுங்கள். வலைக்கண் பெரிதாக இருந்தால் பெரிய மீன் மட்டும் சிக்கும், சிறிய மீன் நழுவிவிடும். வானிலையும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள புயலும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும் பெரிய கட்டத்திலேயே சிக்கிவிடும். கோடையில் மாலை நேரத்தில் இடி மழை தரும் மேகக்கூட்டம் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். 25 கி.மீ. கட்டத்தில் அது நழுவிவிடும்.

மலையடிவார விவசாயிகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் அடிவாரத்தில் உள்ள பெரியகுளம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நேர்க்கோட்டுத் தூரம் 15 கி.மீ. அளவுதான். இரண்டும் ஒரே 25 கி.மீ. கட்டத்துக்குள் வந்தால், மாதிரி இரண்டையும் சேர்த்துச் சராசரி உயரம் ஒன்றை வைத்துக்கொள்ளும். மலை தேய்ந்து மேடாகிவிடும். மலையில் மோதி மேலேறும் காற்றால் பெய்யும் மழை குறைவாகவும், மறுபக்க மழை மறைவுப் பகுதியில் அதிகமாகவும் கணக்கில் வரும். ஒரே தென்மேற்குப் பருவத்தில் வால்பாறை நனைந்துகொண்டே இருக்க, உடுமலைப் பக்கம் காற்று மட்டும் வீசுவது ஏன் என்பதைச் சிறிய கட்டம்தான் சரியாகக் காட்டும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்தி வந்த உலக அளவிலான மாதிரியின் கட்டம் 12 கி.மீ. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' 2025 மே 26 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இதன் கட்டம் 6 கி.மீ. இது புனேயில் உள்ள 'அர்கா' என்ற மீத்திறன் கணினியின் துணையுடன் இயங்குகிறது. அந்தக் கணினி ஒரு நொடிக்கு 11,000 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளைச் செய்யும் திறன் கொண்டது.

இவ்வளவு பெரிய கணினி எதற்கு என்று கேட்கலாம். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் நீளவாக்கில் இரண்டு மடங்கு, அகலவாக்கில் இரண்டு மடங்கு கட்டங்கள் வரும். கால அடியையும் பாதியாக்க வேண்டும். ஆக வேலை எட்டு மடங்காகும். 12 கி.மீ.யிலிருந்து 3 கி.மீ.க்குப் போனால் 64 மடங்கு. அதனால்தான் மிக நுண்ணிய கட்டத்தை உலகம் முழுவதற்கும் போடாமல், ஒரு மாநிலத்துக்கோ பகுதிக்கோ மட்டும் போட்டுக் கணிக்கும் வட்டார மாதிரிகளும் பயன்பாட்டில் உள்ளன. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் இத்தகைய வட்டார மாதிரியைக் கொண்டு ஒன்றிய அளவில் முன்னறிவிப்புகளைத் தயாரித்து வருகிறது.

உங்கள் ஊராட்சியும் ஒரு கட்டமும்

தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கி.மீ. கிராம ஊராட்சிகள் சுமார் 12,500. சராசரியாக ஓர் ஊராட்சிக்குச் சுமார் 10 சதுர கி.மீ. வருகிறது. 25 கி.மீ. கட்டத்தின் பரப்பு 625 சதுர கி.மீ., அதாவது 60 ஊராட்சிகளுக்கு ஒரே மழை அளவு. 12 கி.மீ. கட்டத்தில் 14 ஊராட்சிகளுக்கு ஒன்று. 6 கி.மீ. கட்டத்தில் மூன்று, நான்கு ஊராட்சிகளுக்கு ஒன்று.

2024 அக்டோபர் முதல், மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமும் வானிலை ஆய்வுத் துறையும் சேர்ந்து ஊராட்சி அளவிலான ஐந்து நாள் முன்னறிவிப்பை வழங்குகின்றன. 'மேரி பஞ்சாயத்' செயலியில் இதைப் பார்க்கலாம். இது பெரிய முன்னேற்றம். ஆனால் செயலியில் உங்கள் ஊராட்சியின் பெயர் இருக்கிறது என்பதற்காக, அந்த மழை உங்கள் வயலுக்கென்றே அளந்து சொல்லப்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

நுண்ணிய மாதிரி தவறுவது எங்கே?

கட்டம் சிறிதாகும்போது இடி மேகம் உருவாவதையே மாதிரி காட்டத் தொடங்குகிறது. ஆனால் அது உருவாகும் இடம் 10, 20 கி.மீ. தள்ளிப் போகலாம். நேரம் ஓரிரு மணி முன்பின் ஆகலாம். உங்கள் ஊராட்சிக்கு 0 மி.மீ., பக்கத்து ஊராட்சிக்கு 30 மி.மீ. என்று காட்டினால், "நமக்கு மழை இல்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "இந்தப் பக்கத்தில் எங்கேயோ பலமான இடி மழை இருக்கிறது, நமக்கும் வரலாம்" என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனவே, உங்கள் ஊரை மட்டும் பார்க்காமல் நான்கு திசையிலும் உள்ள நான்கு ஊர்களையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்திலும் மழை என்றால் நம்பிக்கை அதிகம். ஐந்தில் ஒன்றில் மட்டும் என்றால் வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

இதற்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. 1961-ல் அமெரிக்க அறிவியலாளர் எட்வர்ட் லோரன்ஸ், ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டியபோது 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். அந்தச் சிறு வித்தியாசம் வளர்ந்து, முடிவு அடியோடு மாறிப்போனது. வானத்தை எவ்வளவு கவனமாக அளந்தாலும் சிறு பிழை இருக்கவே செய்யும். அது நாளுக்கு நாள் பெருகும். ஆகவே எத்தனை நுண்ணிய மாதிரியாலும் சுமார் இரண்டு வாரத்துக்கு அப்பால் இந்த நாளில் இந்த ஊரில் மழை என்று சொல்ல முடியாது.

இதைச் சமாளிக்கத்தான் தொடக்க அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரே மாதிரியைப் பலமுறை ஓட்டுகிறார்கள். வானிலை ஆய்வுத் துறை 2018-ல் தொடங்கிய முறையில் 21 தடவை ஓட்டப்படுகிறது. 21-ல் 14 ஓட்டங்கள் மழை என்று காட்டினால் வாய்ப்பு ஏறத்தாழ 67 சதவீதம். செயலியில் வரும் சதவீதத்தின் பொருள் இதுதான்.

எத்தனை நாளைக்கு நம்பலாம்?

* அடுத்த 3 மணி நேரம்: ரேடார் படமும் வானிலை மையத்தின் உடனடி எச்சரிக்கையும்தான் சிறந்தவை. களத்தில் நெல் காயும்போது இதைப் பாருங்கள்.
* 1 முதல் 2 நாள்: நுண்ணிய மாதிரிகள் அதிகம் உதவும் காலம். மருந்து தெளிப்பு, உரமிடல், அறுவடை முடிவுகளுக்கு ஏற்றது.
* 3 முதல் 5 நாள்: மழை வரும் போக்கை நம்பலாம், அளவை முழுதாக நம்ப வேண்டாம். வேலையைத் திட்டமிட ஏற்றது.
* 6 முதல் 10 நாள்: தாழ்வு மண்டலம், புயல் போன்ற பெரிய அமைப்புகளுக்கான முன்தகவல் மட்டும்.
* பருவம் முழுவதும்: இயல்பைவிட அதிகமா, குறைவா என்ற போக்கு மட்டும். பயிர், ரகத் தேர்வுக்கு உதவும்.

நேற்று "மழை" என்றும் இன்று "இல்லை" என்றும் முன்னறிவிப்பு மாறி மாறி வந்தால், மாதிரிக்கே உறுதி இல்லை என்று பொருள். மூன்று நாளாக மாறாமல் ஒன்றையே சொன்னால் நம்பிக்கை கூடும்.

அறிவிப்பில் உள்ள சொற்களின் பொருள்

சென்னை வானிலை மையத்தின் அறிவிப்புகளில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு.

பரவலைக் குறிக்கும் சொற்கள்:

* ஓரிரு இடங்களில்: அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும்.
* ஒருசில இடங்களில்: 26 முதல் 50 சதவீதம்.
* பல இடங்களில்: 51 முதல் 75 சதவீதம்.
* பெரும்பாலான இடங்களில்: 75 சதவீதத்துக்கு மேல்.

அளவைக் குறிக்கும் சொற்கள் (24 மணி நேரத்தில்):

* லேசான மழை: 2.5 முதல் 15.5 மி.மீ.
* மிதமான மழை: 15.6 முதல் 64.4 மி.மீ.
* கனமழை: 64.5 முதல் 115.5 மி.மீ.
* மிக கனமழை: 115.6 முதல் 204.4 மி.மீ.
* அதி கனமழை: 204.4 மி.மீ.க்கு மேல்.

நான் தவறிய இடம் இதில்தான் இருக்கிறது. "ஓரிரு இடங்களில்" என்றால் "மழை அனேகமாக இல்லை" என்று பொருள் அல்ல. நான்கு ஊரில் ஓர் ஊர் வரை நனையலாம் என்று பொருள்.

"அதி கனமழை" என்ற சொல்லுக்கு மேல்வரம்பு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. 21 செ.மீ. மழைக்கும் 95 செ.மீ. மழைக்கும் அறிவிப்பில் உள்ள சொல் ஒன்றுதான். ஆகவே சிவப்பு எச்சரிக்கை வந்தால் அளவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல், ஆட்களையும் கால்நடைகளையும் முதலில் மேட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மோட்டாருக்கான மின் இணைப்பைத் துண்டியுங்கள்.

வாய்ப்பு பாதி, இழப்பு பாதி

மழை வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பது முடிவின் ஒரு பாதிதான். பாதுகாப்புக்கு ஆகும் செலவு எவ்வளவு, பாதுகாக்காமல் விட்டால் இழப்பு எவ்வளவு என்பது மறு பாதி. அதை உங்களைத் தவிர வேறு யாரும் கணக்கிட முடியாது.

ஒரு கணக்கு பாருங்கள். குவித்து வைத்த கடலைக்குத் தார்ப்பாய் வாடகையும் ஆள் கூலியும் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நனைந்தால் இழப்பு 15,000 ரூபாய். செலவை இழப்பால் வகுத்தால் பத்தில் ஒன்று, அதாவது 10 சதவீதம். மழை வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டினாலே தார்ப்பாய் போடுவதுதான் லாபம். பத்து முறையில் ஏழெட்டு முறை மழை வராமல் போனாலும் கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கும்.

அதே 25 சதவீத வாய்ப்பை வேறு வேலைக்குப் பாருங்கள். பூக்கும் பருவத்தில் உள்ள பயிருக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். 25 சதவீத வாய்ப்பை நம்பிப் பாசனத்தை நிறுத்தினால், நான்கில் மூன்று முறை பயிர் வாடும். இங்கே தண்ணீர் பாய்ச்சுவதுதான் சரி. முன்னறிவிப்பு ஒன்றுதான், வேலைக்கு ஏற்ப முடிவு மாறுகிறது. அந்த நிலக்கடலை விவசாயியிடம் நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "ரெண்டு நாள் தள்ளினா உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்பதுதான்.

வேலை வாரியாகக் கவனிக்க வேண்டியவை

* மருந்து தெளிப்பு: அடுத்த 6 மணி நேரத்துக்கு மழை வாய்ப்பு இருந்தால் தள்ளிப் போடுங்கள். காற்று மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் வீசினாலும் தெளிக்க வேண்டாம்.
* யூரியா மேலுரம்: அடுத்த இரண்டு நாளில் கனமழை என்றால் இட வேண்டாம். மழை நின்று தண்ணீரை வடித்த பிறகு இடுங்கள்.
* நெல் அறுவடை: அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே தண்ணீரை வடிக்க வேண்டியிருப்பதால், 5 நாள் முன்னறிவிப்பைத் தொடர்ந்து பாருங்கள். கனமழை அறிவிப்பு வந்தால் வடிகால் வாய்க்கால்களை அன்றே வெட்டிவிடுங்கள்.
* வாழை: பலத்த காற்று எச்சரிக்கை வந்தவுடன் முட்டுக் கொடுங்கள், அடிமரத்துக்கு மண் அணையுங்கள். முற்றிய தார்களை வெட்டிவிடுங்கள்.
* நிலக்கடலை: "ஓரிரு இடங்களில்" என்றாலும் தார்ப்பாய் இல்லாமல் பிடுங்க வேண்டாம். காய் முற்றிய கொத்து ரகங்களை அதிக நாள் மண்ணிலும் விடாதீர்கள், ஈரத்தில் மண்ணுக்குள்ளேயே முளைக்கும்.
* இடி மின்னல்: 'தாமினி' செயலி மின்னல் எச்சரிக்கை தரும். எச்சரிக்கை வந்தால் வயலை விட்டு வெளியேறுங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

'மேகதூத்' செயலியில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் முன்னறிவிப்புடன் பயிர் ஆலோசனையும் தமிழில் வருகிறது. இந்த இரண்டு நாளும் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வயலில் ஒரு மழைமானி

முன்னறிவிப்பு உங்கள் ஊருக்கு எந்த அளவு பொருந்துகிறது என்பதை உங்களால்தான் கண்டுபிடிக்க முடியும். வாயும் அடியும் ஒரே அகலமாக, பக்கங்கள் நேராக உள்ள டின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மரம், கட்டடத்திலிருந்து அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, திறந்தவெளியில் சாயாமல் நிறுத்துங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் தண்ணீரின் உயரத்தை மி.மீ.ல் அளந்து, நோட்டில் குறித்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். பக்கத்திலேயே முந்தைய நாள் முன்னறிவிப்பையும் எழுதுங்கள்.

ஒரு பருவம் முடிந்தால் விவரம் புரிந்துவிடும். சில ஊர்களில் கிழக்கிலிருந்து வரும் மழை சொன்னபடி வரும், மேற்கிலிருந்து வரும் இடி மழை ஏமாற்றும். சில ஊர்களில் நேர் எதிர். பெரியவர்கள் "அந்த மலைப்பக்கம் கறுத்தா வரும், இந்தப் பக்கம் கறுத்தா வராது" என்று சொல்வது இந்த அனுபவத்தில்தான். நோட்டில் எழுதினால் அது கணக்காகிவிடும். இன்னொரு பயனும் உண்டு: ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 25 மி.மீ. பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். அடுத்த பாசனத்தை எப்போது கொடுக்கலாம் என்பதை இதிலிருந்து கணிக்கலாம்.

வருங்காலப் பருவநிலையைப் பற்றி

இதே கணினி மாதிரிகளைப் பல பத்தாண்டுகளுக்கு ஓட்டித்தான் வருங்காலப் பருவநிலையைக் கணிக்கிறார்கள். 2050-ல் இன்ன தேதியில் மழை என்று அவை சொல்லாது. மழையின் போக்கு எப்படி மாறும் என்று சொல்லும். இயற்பியல் அடிப்படையில் உறுதியான ஒன்று உண்டு. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டும் மழைக்கு வாய்ப்பு கூடுகிறது.

ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை வடகிழக்குப் பருவமழையாக மூன்றே மாதத்தில் பெறும் நமக்கு இது முக்கியம். வரும் தண்ணீரை வடிக்கவும் வேண்டும், பிடித்து வைக்கவும் வேண்டும். ஐப்பசிக்கு முன் வடிகாலைத் தூர் வாருவது, வயலின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுவது, பள்ளக்காலில் வெள்ளத்தைத் தாங்கும் ரகத்தைத் தேர்வு செய்வது ஆகிய மூன்றும் எந்தக் கணிப்பு வந்தாலும் வீண்போகாத வேலைகள்.

கட்டம் இன்னும் சிறிதாகும், முன்னறிவிப்பு இன்னும் மேம்படும். ஆனாலும் "வரலாம்" என்ற சொல் முழுதாக மறையாது. அடுத்த முறை அந்தச் சொல்லைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சுற்றியுள்ள ஊர்களுக்கு என்ன சொல்கிறது? நேற்றும் இதையே சொன்னதா? வந்தால் எனக்கு எவ்வளவு இழப்பு? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தபின் ஆளுக்குச் சொல்லுங்கள்.